காவிரித் தண்ணீர், போர் தண்ணீர், சம்ப்பு, மோட்டார்: தருமபுரி பக்கத்துச் சிறு நகர வீடுகளுக்கான கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பேரூராட்சிகளில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று, சில நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். மற்றொன்று, வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர். இரண்டையும் ஒரே சம்ப்பில் விட்டுக் கலக்கிவிடுவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது நாளுக்கு 20 முதல் 25 லிட்டர். அந்த அளவை மட்டும் தனியாகப் பிடித்து, தனியாக வைத்து, தனியாகக் காப்பாற்றுங்கள். கீழே உள்ள பல பதில்கள் இதைச் சுற்றியே வரும்.

ஒகேனக்கல் தண்ணீர் சுத்திகரித்துத்தானே வருகிறது? பிறகு ஏன் கவலை?

சுத்திகரித்துத்தான் வருகிறது. போர் தண்ணீரில் பல்லையும் மூட்டையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகவே ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியோடு கட்டி, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த திட்டம் அது. காவிரி நீரை எடுத்து, வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். தண்ணீர் கெடுவது பெரும்பாலும் கடைசி நூறு அடியில்தான்.

குழாயில் தண்ணீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியுமே தவிர வெளியிலிருப்பது உள்ளே வராது. நிறுத்தியதும் குழாய் காலியாகி, உள்ளே உறிஞ்சும் நிலை வந்துவிடும். அப்போது பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே போகிறது. பல தெருக்களில் வீட்டு இணைப்புப் பைப் சாக்கடைக்குக் குறுக்கே, சில இடங்களில் சாக்கடைக்கு உள்ளேயே போகிறது. தெருவில் தண்ணீர் விட்டதும் முதலில் உங்கள் குடத்துக்கு வருவது இப்படி உள்ளே போனதுதான்.

அதனால் முதல் 5 நிமிடத் தண்ணீரைப் பாத்திரம் கழுவவும் கழிவறைக்கும் பிடியுங்கள். குடிக்கப் பிடிப்பது அதற்குப் பிறகு. மெயின் லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி தவறு என்பது ஒருபக்கம். அப்படி உறிஞ்சும் வீட்டுக்குத்தான் சாக்கடையும் முதலில் வந்து சேரும். மோட்டார் வைக்காத அடுத்த வீட்டையும் அது கெடுக்கிறது. உங்கள் இணைப்புப் பைப் சாக்கடையைக் கடக்கிறது என்றால் பேரூராட்சியில் எழுதிக் கொடுத்து, சாக்கடைக்கு மேலாக, இரும்பு உறைக் குழாய்க்குள் விட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ருசியாகவும் இருக்கிறது. குடிக்கலாமா?

நிறத்தையும் ருசியையும் வைத்துச் சொல்ல முடியாது. காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருந்தாலும் தண்ணீர் தெளிவாகவே தெரியும். ஃப்ளோரைடுக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. மறுபக்கம், செந்நிறமாக மாறும் இரும்புத் தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது துணியைத்தான் அதிகம் கெடுக்கும்.

சம்ப்புக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?

முதலில் சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடித் தண்ணீர் என்றால் 120 கன அடி, அதாவது சுமார் 3,400 லிட்டர்.

புதிய பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். கடையில் பிரித்து வைத்திருப்பதில் அது குறைந்துகொண்டே போகும். 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். மேலே சொன்ன சம்ப்புக்கு மூன்றரை டீஸ்பூன் போதும்.

பவுடரை நேராகச் சம்ப்பில் கொட்டாதீர்கள். அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு, அது அடியில் போய்ப் படியும். ஒரு பிளாஸ்டிக் மக்கில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோல் குழையுங்கள். பிறகு மக்கு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அடியில் நிற்கும் வெள்ளை வண்டலைக் கழிவறையில் கொட்டுங்கள். ஊற்றிய பின் அரை மணி நேரம் பொறுத்தே தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். இரும்பு மக்கும் கரண்டியும் வேண்டாம், அரித்துவிடும்.

போட்டது போதுமா என்பதை மூக்கை நம்பிச் சொல்லாதீர்கள். ஊராட்சி, பேரூராட்சிப் பணியாளர்கள் வைத்திருக்கும் குளோரின் சோதனைப் பெட்டியில் சில சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளை அட்டையின் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் மீந்திருக்க வேண்டும். மஞ்சளே வரவில்லை என்றால், போட்ட குளோரின் முழுவதையும் அழுக்கு தின்றுவிட்டது என்று பொருள். முதலில் தொட்டியைக் கழுவ வேண்டும். மருந்து விட்ட தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடரை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அது சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் மூச்சு அடைக்கும். ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தினால், நடுவில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

குளோரின் வாடையால் குழந்தைகள் குடிக்க மறுக்கிறார்கள்.

வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அல்லது இரண்டு பாத்திரத்துக்கு இடையே நாலைந்து முறை ஆற்றுங்கள். வாடை பிடிக்கவில்லை என்பதற்காகச் சம்ப்பில் போடுவதையே நிறுத்த வேண்டாம்.

தொட்டி கழுவும் முறை?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை. காலி செய்து, நைலான் பிரஷால் தேய்த்து, சேற்றை வாரி எடுங்கள். ஒரு பத்து லிட்டர் வாளியில் தலைதட்டி இரண்டு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடரை மேலே சொன்னபடி கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவால் சுவர், அடி, மூடியின் உட்புறம் எல்லாம் துடைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு இரண்டு முறை அலசுங்கள். கை உறையும் கண்ணாடியும் வேண்டும். மாடித் தொட்டி என்றால் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே நிற்கும் பழைய தண்ணீரை வெளியேற்றுங்கள். பலர் தொட்டியைப் பளபளவென்று கழுவிவிட்டு, வழிவு பைப்பின் வாயைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். பல்லியும் கொசுவும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. அங்கே கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஆர்.ஓ. கருவி விற்க வந்தவர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் காட்டினார். எங்கள் வீட்டுத் தண்ணீர் சேறு மாதிரிக் கறுத்துவிட்டது, அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. அவ்வளவு அழுக்கா?

இல்லை. அந்தக் கருவியில் ஒரு ஜோடிக் கம்பி இரும்பு. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகி மிதக்கிறது. நீங்கள் பார்த்த பழுப்பு நுரை அந்தக் கம்பியிலிருந்து வந்தது. தாது உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், அதனால் துரு அதிகம். உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும், அதனால் தெளிவாகவே நிற்கும். அவர் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும்.

டி.டி.எஸ். மீட்டரில் எவ்வளவு இருந்தால் நல்லது?

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்வது: லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. ஆனால் அந்த மீட்டர் காட்டுவது மொத்த உப்பின் அளவை மட்டுமே. கிருமியைக் காட்டாது, ஃப்ளோரைடைக் காட்டாது, நைட்ரேட்டைத் தனியாகக் காட்டாது. டி.டி.எஸ். 300 இருந்து ஃப்ளோரைடு 2.5 இருக்கும் தண்ணீரும் உண்டு. சோதனைக்கூட அறிக்கை ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடத்தில் செய்துகொள்ளலாம். ரசாயனச் சோதனைக்கு ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும், அதே தண்ணீரால் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். போர் என்றால் மோட்டார் ஓடிப் பத்து நிமிடம் கழித்துப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு நம் பாட்டில் கூடாது. சோதனைக்கூடத்தில் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். அறிக்கையில் முதலில் நான்கை மட்டும் பாருங்கள் (முதல் மூன்றும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு): ஃப்ளோரைடு 1.0-க்குள் (வேறு வழியில்லை என்றால் 1.5 வரை), நைட்ரேட் 45-க்குள், மொத்தக் கடினத்தன்மை 200-க்குள் (600 வரை பொறுக்கலாம்), மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எங்கள் போரில் ஃப்ளோரைடு 2-க்கு மேல். கொதிக்க வைத்துக் குடிக்கிறோம், போதும்தானே?

போதாது. நிலைமை இன்னும் மோசமாகும். கொதிக்கும்போது நீராவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்து 800 மில்லி ஆக்கினால் அது 1.5 ஆகிவிடும். கேண்டில் ஃபில்டர், புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. கருவி, பிளீச்சிங் பவுடர், துணி வடிகட்டல் எதுவும் ஃப்ளோரைடைத் தொடாது.

இந்தப் பக்கத்து நிலத்தடிப் பாறையிலேயே ஃப்ளோரைடுள்ள கனிமங்கள் உண்டு. தண்ணீர் பாறையோடு எவ்வளவு காலம் ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவு கரைகிறது. அதனால் ஆழம் கூடினால் நல்ல தண்ணீர் வரும் என்று நம்பிப் போரை இன்னும் இறக்குவது பல நேரம் எதிராகவே முடியும்.

எட்டு வயதுக்குள், நிலைப்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்போது குடித்த ஃப்ளோரைடுதான் பிறகு பல்லில் சுண்ணாம்புத் திட்டாகவும் பழுப்புக் கோடாகவும் தெரிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை பல்லுக்கு மேலே இல்லை, உள்ளேயே இருக்கிறது. பல ஆண்டு, அதிக அளவில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். அந்த நிலையைத் திருப்ப முடியாது, வராமல் தடுக்கத்தான் முடியும்.

செய்ய வேண்டியது: குடிப்பது மட்டுமல்ல, சோறு, பருப்பு, களி, டீ எல்லாவற்றுக்கும் காவிரித் தண்ணீர். இதை அழுத்திச் சொல்லக் காரணம், அரிசியும் பருப்பும் வேகும்போது தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்கின்றன. குடிக்க நல்ல தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகளில் பாதி ஃப்ளோரைடு தட்டு வழியாகவே உள்ளே போகிறது. குளிக்க, துவைக்கப் போர் தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தோல் வழியாக அது ஏறாது. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் உடம்பு ஏற்கும் ஃப்ளோரைடு குறையும். கேழ்வரகும் கீரையும் பாலும் இதற்குத் தோதானவை. கேழ்வரகு இந்த மண்ணின் சாப்பாடுதான், குழந்தைகள் தட்டிலிருந்து அதை எடுத்துவிடாதீர்கள். பால் சேர்க்காத கட்டிச் சாயாவையும் கறுப்பு உப்பையும் குறையுங்கள், இரண்டிலும் ஃப்ளோரைடு உண்டு.

அப்படியானால் ஆர்.ஓ. வாங்கிவிடலாமா?

காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டுக்கு வேண்டாம். அந்த டி.டி.எஸ்.ஸுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. கொதிக்க வைத்தாலோ யு.வி. வைத்தாலோ போதும். குடிக்கவும் போர் தண்ணீரை விட்டால் வழியில்லை, ஃப்ளோரைடும் அதிகம் என்றால் ஆர்.ஓ. சரியான கருவி.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கருவிக்குள் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒரு சிறிய திருகு இருக்கும். ருசிக்காக, மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது அது. அதைத் திறந்தால் ஃப்ளோரைடும் திரும்பி வரும். போரில் 3 மில்லிகிராம் இருந்து, மெம்பிரேன் பத்தில் ஒன்பது பங்கை நீக்கி, திருகு பாதிக்குப் பாதி கலந்தால் உங்கள் டம்ளரில் 1.65 இருக்கும். பணம் செலவழித்தும் அளவுக்கு மேலே. ஃப்ளோரைடு உள்ள ஊரில் அந்தத் திருகை முழுதாக மூடச் சொல்லுங்கள்.

மெம்பிரேன் நல்லதா என்று பார்க்கத்தான் டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் உதவும். திருகை மூடிவிட்டு உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளங்கள். 1200 போய் 120 வந்தால் நன்று. 240-ஐத் தாண்டினால் மாற்றும் காலம். கார்பன் ஃபில்டரை மாற்றாமல் தள்ளிப்போடாதீர்கள். குளோரின் பட்டால் மெம்பிரேன் பொத்துப்போகும், அதைக் காப்பது கார்பன்தான். கார்பனைத் தாண்டிய தண்ணீரில் குளோரின் இருக்காது என்பதால் கருவியின் தொட்டியில் கிருமி வளரலாம். ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால், தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். வெளியேறும் கழிவுத் தண்ணீரைக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றினால் மண் உப்பாகும்.

கேன் தண்ணீர்?

மூடியில் சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் பச்சை படிந்த கேன் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கேனைவிட அதைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரே அதிகம் அழுக்கு. வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

தேற்றாங்கொட்டை, செப்புக்குடம் போதாதா?

பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைத்தால் கலங்கல் அடியில் படிவது உண்மை. கலங்கலோடு சில கிருமிகளும் இறங்கும். எல்லாம் இறங்காது. கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது என்பதால், முதலில் தேற்றித் தெளிய வைத்து, பிறகு குளோரின் போடுவதோ கொதிக்க வைப்பதோ மிகச் சரியான வரிசை. செப்புக்குடத்தில் இரவு முழுதும் வைத்தால் பாக்டீரியா குறையும். அதை மட்டும் நம்பிச் சந்தேகத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். எலுமிச்சை, மோர் போன்ற புளிப்பைச் செம்பில் வைக்கக் கூடாது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிறோம்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உரமும் கழிவுநீரும் இறங்கிய போரில் நைட்ரேட் ஏறியிருக்கும். அது பச்சிளங்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உதடும் நகமும் நீலமாகச் செய்யும். கொதிக்க வைத்தால் நைட்ரேட்டும் செறிந்துதான் போகும். கொதித்து ஆறிய காவிரித் தண்ணீரில் கரையுங்கள். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதுவே மேல்.

மழைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

ஃப்ளோரைடு இல்லாத தண்ணீர் வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடையாது. 1000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 93 லிட்டர் விழும். முதல் 100 முதல் 200 லிட்டரைப் பறவை எச்சமும் தூசியுமாக வெளியே விட்டுவிடுங்கள். பிறகு நல்ல மழை ஒன்று, 20 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது போக 1500 லிட்டர் பிடிக்கலாம். நாளுக்கு 25 லிட்டர் என்றால் இரண்டு மாதக் குடிநீர். தனித் தொட்டி, வெளிச்சம் புகாத மூடி, குடிக்கும் முன் கொதி. இவ்வளவே.

சம்ப்பைக் கழுவ இறங்கலாமா? பக்கத்துத் தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்கிறார்கள்.

முடிந்தவரை இறங்காதீர்கள். நீளமான பிரஷும் சேற்றுப் பம்பும் வைத்து மேலிருந்தே பெரும்பகுதி செய்யலாம்.

புதிதாகக் கட்டி, மூடி வைத்திருந்த சம்ப்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குவதுதான் மிக ஆபத்து. ஈரப் பலகை மூடிய இடத்தில் மட்கும்போது உள்ளேயுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம். 10-க்குக் கீழே போனால் கத்தக்கூட நேரமின்றி மயக்கம் வரும். வாடை இருக்காது, மூச்சுத் திணறல்கூட முன்னறிவிப்பாக வராது. கழிவுநீர் கசியும் பழைய சம்ப்பில் வேறு வாயுக்களும் சேரும். பெட்ரோலில் ஓடும் பம்பைச் சம்ப்புக்குள் இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும்.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். ஆக்சிஜன் குறைவை ஓரளவு காட்டுமே தவிர நச்சு வாயுவைக் காட்டாது, எரியும் வாயு இருந்தால் வெடிக்கும். இறங்கியே ஆகவேண்டும் என்றால், மூடிகளை எல்லாம் திறந்து, புளோயரின் குழாயை அடிவரை விட்டு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காற்று ஊதி, வேலை முடியும்வரை நிறுத்தாமல் ஊத வேண்டும். மோட்டார் லைனின் மெயினை அணைத்து ஃபியூஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்ற இறங்காதீர்கள். இறங்கியவரும், அவருக்குப் பின் இறங்கியவரும் போவது இப்படித்தான். காற்றை ஊதிக்கொண்டே கயிற்றால் இழுங்கள், 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

குழாயைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது.

உடனே மெயினை அணையுங்கள். பெரும்பாலும் மோட்டாரின் உள்ளே தண்ணீர் புகுந்தோ, கேபிள் ஜாயின்ட் நனைந்தோ மின்சாரம் கசிகிறது. எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது. ஆளைக் கொல்ல ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கே போதும். ஆளைக் காப்பாற்றுவது, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மோட்டார் லைனும் கீஸர் லைனும் அதன் வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், பல வீடுகளில் மோட்டார் மட்டும் தனியாக நேரடி லைனில் இருக்கும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும். தண்ணீர்ப் பைப்பை எர்த்தாகப் பயன்படுத்தியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சூடேறி உருகலாம், 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். சூடு பார்க்கக் கை விடும் முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

வற்றிப்போன போரை என்ன செய்வது?

போர்க் குழிக்குள் இறக்கிய கேசிங் பைப்பை உருவி விற்றுவிட்டுச் சாக்கால் மூடிவைப்பதுதான் குழந்தைகளைக் கொல்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது கைவிட்ட போர்க் குழியில்தான். உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது இது: கைவிட்ட போரைக் களிமண், மணல், கல் என்று அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும். ஓடும் போருக்கு, கேசிங்கைச் சுற்றி 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சிமென்ட் மேடை, தரைக்கு மேல் 30, கீழ் 30 செ.மீ. கேசிங் வாயில் இரும்புத் தகடு பற்றவைக்க வேண்டும், அல்லது போல்ட் போட்டு மூட வேண்டும். மோட்டாரைப் பழுதுக்கு எடுத்த அந்த இரண்டு நாளிலும் வாயைத் திறந்து வைக்கக் கூடாது. சம்ப்பு மூடிக்கும் பூட்டுப் போடுங்கள்.

எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு.

ஒரு வீட்டில் மட்டும் என்றால் அது அந்த வீட்டுத் தொல்லை, நான்கைந்து வீட்டில் என்றால் குழாய்த் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேரூராட்சிக்கும் அன்றைக்கே சொல்லுங்கள், தெருவின் கடைக்கோடிக் குழாயில் குளோரின் அளவை எடுக்கச் சொல்லுங்கள். கசிவு கண்டுபிடிக்கும்வரை எல்லா வீடும் தளதளவென்று கொதித்த தண்ணீரையே குடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பின்பும் கொடுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது குழந்தைக்குக் கெடுதல், உப்பு கூடிவிடும். பாக்கெட் கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தையின் கண் உள்வாங்கி, அழுதாலும் கண்ணீர் வராமல், சிறுநீர் போகாமல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.